உப்புக் காற்றிலிருந்து ஜெனீவா வரை: சர்வதேசத் தொலைத்தொடர்புத் தரநிலையில் ஒரு வாசகத்தைச் சேர்ப்பதற்கான முழுமையான வழிகாட்டி

மண்டபத்திலிருந்து பாம்பன் போகும் வழியில், கம்பத்தில் தொங்கும் ஒரு ஃபைபர் இணைப்புப் பெட்டியைத் திறந்து பாருங்கள். மூடியை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்பின் திருகில் வெள்ளைப் பொடி பூத்திருக்கும். திருப்புளி வைத்துத் திருப்பினால் திருகின் தலை மட்டும் கழன்று கையோடு வரும். மூடிக்கு அடியில் உள்ள ரப்பர் வளையம் விறைத்துப்போய், விரலால் அழுத்தினால் பள்ளம் விழாமல் நிற்கும். உள்ளே இழைகளைச் சுருட்டி வைத்திருக்கும் தட்டில் ஈரம் படிந்திருக்கும். பார்ப்பவருக்குக் கோபம் வருவது நியாயம்தான். அந்தக் கோபத்தை அப்படியே கடிதமாக எழுதி அனுப்புவதுதான் முதல் தவறு.

ராமநாதபுரம் கடலோரத்தில் பொறியியல் மாணவர்களுக்கும் கேபிள் பராமரிப்பு வேலை செய்பவர்களுக்கும் தரநிலை நடைமுறையைச் சில ஆண்டுகளாகச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். ஏறக்குறைய எல்லோரும் முதலில் கொண்டுவருவது ஒரு மனு. திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் கொடுக்கும் மனுவைப் போலவே குறையைச் சொல்லி, ஆவன செய்யுமாறு கேட்டு முடித்திருப்பார்கள். தரநிலை அமைப்புகளில் ஆவன செய்வதற்கென்று தனியே ஓர் அதிகாரி இல்லை. எந்த ஆவணத்தில், எந்தப் பிரிவில், எந்த வாக்கியம் எப்படி மாற வேண்டும் என்பதைக் கேட்பவரே எழுதித் தர வேண்டும். கீழே உள்ள ஒவ்வொரு படியும் இந்த ஒன்றைச் செய்வதற்காகத்தான். வரிசையை மாற்றாதீர்கள். ஒரு படியைத் தாண்டிச் சென்றவர்கள் மாதக்கணக்கில் பின்னால் திரும்பி வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

1. எந்த அமைப்பின் வேலை என்று முதலில் பிரியுங்கள்

தனுஷ்கோடி அரிச்சல்முனையில் நின்றால் சில வேளைகளில் கைபேசி இலங்கை டவரைப் பிடித்துவிடும். புதிதாக வருபவர்களுக்கு நான் கொடுக்கும் முதல் பயிற்சி, அந்த ஒரு நொடியில் எத்தனை அமைப்புகளின் தரநிலைகள் வேலை செய்கின்றன என்று பிரித்து எழுதுவதுதான்.

இந்திய நெட்வொர்க்குகள் 404, 405 என்றும் இலங்கை நெட்வொர்க்குகள் 413 என்றும் தம்மை அறிவிக்கின்றன. இந்த எண் முறை, ஜெனீவாவில் உள்ள சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் (ஐடியூ) தரநிலைப் பிரிவான ஐடியூ-டி அமைப்பின் இ.212 பரிந்துரையில் இருக்கிறது. ஐடியூ தன் தரநிலைகளைப் 'பரிந்துரை' என்றே அழைக்கிறது. கேட்கும் நெட்வொர்க்குகளில் எதைத் தேர்ந்தெடுப்பது, சொந்த நெட்வொர்க்குக்கு எப்போது திரும்ப முயல்வது என்ற விதிகளை, கைபேசி நெட்வொர்க் தரநிலைகளுக்கான கூட்டமைப்பான 3ஜிபிபி எழுதுகிறது. எந்த அலைவரிசையை எந்தச் சேவைக்கு ஒதுக்குவது, அண்டை நாடுகளுக்கு இடையே இடையூறு வந்தால் எப்படித் தீர்ப்பது என்பது ஐடியூவின் ரேடியோ பிரிவான ஐடியூ-ஆர் பக்கத்து வேலை. இணைப்பு கிடைத்த பின் இணையத் தரவு பயணிக்கும் முறை, இணையத் தரநிலைகளை எழுதும் ஐஇடிஎஃப் அமைப்புடையது. எனவே, "எல்லையில் சிக்னல் குழப்பம்" என்ற ஒரே தலைப்பில் நான்கு இடங்களில் ஒரே கடிதத்தைக் கொடுத்தால், நான்கு இடங்களிலும் அது தங்கள் வேலை இல்லை என்றே சொல்வார்கள்.

இங்கே அடிக்கடி நடக்கும் இன்னொரு தவறையும் சொல்ல வேண்டும். மீனவர் சங்கங்களோடு வேலை செய்யும் இளைஞர்கள், விசைப்படகில் உள்ள விஎச்எஃப் ரேடியோ கருவியின் 16-ஆம் சேனலில் நெரிசல் என்று சொல்லி, அதை மாற்ற முன்மொழிவு எழுதி வருவார்கள். 156.8 மெகாஹெர்ட்ஸில் உள்ள அந்தச் சேனல் உலகெங்கும் ஆபத்துக்கால அழைப்புக்கானது. அது ரேடியோ ஒழுங்குமுறைகள் என்ற சர்வதேச உடன்படிக்கையில் இருக்கிறது. அந்த உடன்படிக்கையைத் திருத்தும் அதிகாரம், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கூடும் உலக ரேடியோ மாநாட்டுக்கு மட்டுமே உண்டு. 2023-இல் துபாயில் கூடியது அந்த மாநாடுதான். ஐடியூ-டியில் தரநிலைகளை எழுதும் ஆய்வுக்குழுவிடம் இதைக் கேட்டுப் பயன் இல்லை. நெரிசலின் காரணம் உள்ளூர்ப் பழக்கமா, கருவியின் தரமா, ஒதுக்கீடா என்று முதலில் பிரித்தால், பெரும்பாலும் கேள்வி வேறு இடத்துக்குப் போகும்.

இணைப்புப் பெட்டி விஷயத்தில் இடம் ஓரளவு தெளிவானது. வெளிப்புறக் கேபிள் உள்கட்டமைப்புக்கான பரிந்துரைகள் ஐடியூ-டி அமைப்பின் எல் வரிசையில் வருகின்றன. உப்புத்தூவல் போன்ற சோதனை முறைகளை, மின் தொழில்நுட்பத் தரநிலைகளுக்கான சர்வதேச அமைப்பான ஐஇசி எழுதுகிறது. இந்த வழிகாட்டியின் மீதிப் பகுதி ஐடியூ-டி வழியை ஒட்டியே போகிறது. மற்ற அமைப்புகளில் மாறும் இடங்களை ஆங்காங்கே சொல்கிறேன்.

2. எழுதத் தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

நுழைவதற்கு ஒரு வழி வேண்டும். ஐடியூ-டி ஆய்வுக்குழுவுக்குத் தனி மனிதர் தன் பெயரில் ஆவணம் அனுப்ப முடியாது. உறுப்பு நாடாகவோ, துறை உறுப்பினராகவோ, இணை உறுப்பினராகவோ, கல்வி நிறுவன உறுப்பினராகவோ உள்ள ஒருவர் வழியாகத்தான் அது செல்ல வேண்டும். இந்தியாவின் பெயரில் போகும் ஆவணங்களுக்கு, தொலைத்தொடர்புத் துறையின் கீழ் உள்ள தொலைத்தொடர்புப் பொறியியல் மையம் தேசியப் பணிக்குழுக்களை நடத்துகிறது. டெக் என்ற சுருக்கப் பெயரில் எல்லோரும் அறிந்த மையம் அது. 3ஜிபிபிக்குப் போக வேண்டுமானால் அதன் ஏழு பங்காளி அமைப்புகளில் ஒன்றில் உறுப்பினராக இருக்க வேண்டும். இந்தியாவில் அந்தப் பங்காளி டிஎஸ்டிஎஸ்ஐ என்ற தொலைத்தொடர்புத் தரநிலைச் சங்கம். ஐஇடிஎஃபில் மட்டும் உறுப்பினர் முறையே கிடையாது. கீழக்கரையில் உட்கார்ந்து ஒரு மாணவி தன் பெயரிலேயே வரைவு அனுப்பலாம். ஆனால் அந்த வரைவு 185 நாளில் காலாவதியாகும். புதுப்பிக்காவிட்டால் யாரும் அதைத் தொடர மாட்டார்கள்.

இரண்டாவதாக, இப்போது நடைமுறையில் உள்ள ஆவணத்தின் முழுப் பிரதி வேண்டும். ஐடியூ-டி பரிந்துரைகளின் நடப்புப் பதிப்புகளைப் பெரும்பாலும் பணம் இன்றி இறக்கிக்கொள்ளலாம். ஐஇசி ஆவணங்கள் விலைக்குத்தான் கிடைக்கும். அவற்றைக் கல்லூரி நூலகம் வழியாகவோ பணிக்குழு வழியாகவோ பாருங்கள்.

மூன்றாவது, கூட்ட நாட்காட்டி. ஓர் ஆய்வுக்குழு முழுமையாகக் கூடுவது ஆண்டுக்கு ஓரிரு முறைதான். தேதி தெரியாமல் எழுதத் தொடங்கியவர்கள், ஆவணம் தயாரான மறுவாரமே கூட்டம் முடிந்துவிட்டதை அறிந்து சோர்ந்துபோகிறார்கள்.

நான்காவது, நடைமுறை ஆவணங்கள். ஏ.1, ஏ.8 ஆகிய இரண்டு பரிந்துரைகளையும் உலகத் தொலைத்தொடர்புத் தரப்படுத்தல் பேரவையின் தீர்மானம் 1-ஐயும் படித்து வையுங்கள். வேலை எப்படி நடக்கும் என்பது ஏ.1-இல் உள்ளது. மாற்று ஒப்புதல் முறை ஏ.8-இலும் மரபு ஒப்புதல் முறை தீர்மானம் 1-இலும் உள்ளன. இவற்றைப் படிக்காமல் கூட்டத்துக்குப் போனால் பாதிப் பேச்சு புரியாது.

3. ஆய்வுக்குழுவையும் 'கேள்வி'யையும் கண்டுபிடியுங்கள்

ஒவ்வொரு ஆய்வுக்குழுவின் வேலையும் 'கேள்வி' என்ற பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு கேள்விக்கும் ராப்போர்ட்டர் எனப்படும் ஒரு பொறுப்பாளர் உண்டு. உங்கள் ஆவணத்தை உண்மையில் படித்து விவாதிக்கப்போவது அந்தச் சிறு குழுதான். ஆய்வுக்குழு சரியாக இருந்து கேள்வி தவறாக இருந்தால், ஆவணம் கடைசி நாளில் இடம் மாறிப் போகும். அந்த அறையில் அதைப் படித்தவர் யாரும் இருக்க மாட்டார்கள்.

எண்முறைக்கு ஆய்வுக்குழு 2, சுற்றுச்சூழலுக்கு 5, சேவைத் தரத்துக்கு 12, ஒளியிழை மற்றும் கடத்தல் வலைப்பின்னலுக்கு 15, பாதுகாப்புக்கு 17, பல்லூடகத்துக்கு 21 என்பது இப்போதைய பிரிவு. பழைய 9, 16 இரண்டையும் சேர்த்து 21 ஆக்கியது, 2024 அக்டோபரில் புதுதில்லியில் கூடிய பேரவை. பேரவை நான்கு ஆண்டுக்கு ஒருமுறை கூடி இந்த அமைப்பையே மாற்றும். இணையத்தில் கிடைக்கும் பழைய வழிகாட்டிகளை நம்பி 16-க்கு எழுதியவர்கள் உண்டு. எனவே எண்ணை எப்போதும் நடப்புப் பட்டியலில் சரிபாருங்கள்.

பரிந்துரைகளின் எண்களும் மாறும். வெளிப்புறத்துக்கான மூடிய பெட்டிகள் பற்றிய பரிந்துரை முன்பு எல்.13 என்று இருந்தது. இப்போது அது எல்.201.

4. களத்திலிருந்து அளவீடு எடுங்கள்

"உப்புக் காற்றில் பெட்டிகள் சீக்கிரம் கெடுகின்றன" என்பது இங்கே குழந்தைக்கும் தெரியும். ஜெனீவாவில் உட்கார்ந்திருக்கும் பொறியாளருக்கு அது ஒரு கருத்து, அவ்வளவுதான். அவர் கேட்கப்போகும் கேள்விகளுக்கு விடை இருக்கும்படி ஒரு அட்டவணை தயாரியுங்கள்.

பெட்டி கடலிலிருந்து எவ்வளவு தூரம், எவ்வளவு உயரம், பொருத்திய மாதம் எது, முதல் பழுது எப்போது, 1,550 நானோமீட்டரில் இணைப்பு இழப்பு (இணைப்பில் வீணாகும் ஒளி) முன்பு எவ்வளவு, இப்போது எவ்வளவு என்பவை அடிப்படை. நம் கடற்கரைக்கு இன்னொன்றும் அவசியம்: பெட்டி வடகடல் (பாக் விரிகுடா) பக்கமா, தென்கடல் (மன்னார் வளைகுடா) பக்கமா? வாடைக் காலத்தில் உப்பை வாங்கும் கம்பமும், மேல்காற்று வீசும் கச்சான் காலத்தில் வாங்கும் கம்பமும் ஒரே மாதிரி கெடுவதில்லை. இரண்டையும் கலந்து ஒரு சராசரி போட்டால், உண்மை மறைந்துவிடும்.

அட்டவணையில் புதியவர்கள் தவறாமல் விட்டுவிடும் ஒரு பத்தி உண்டு: பெட்டியைக் கடைசியாகத் திறந்த தேதி. அதன் மதிப்பை எங்களுக்குக் காட்டியவர் ஒரு லைன்மேன். பயிற்சிக்காக அட்டவணை போட்டுக்கொண்டிருந்த மாணவனிடம் அவர் சொன்னார்: "திறக்காத பெட்டி தாங்கும் தம்பி. ஒருமுறை திறந்து மூடியதுதான் தாங்காது." காரணம் எளிது. உப்பு அரித்த கிளாம்பு, முதலில் இறுக்கியபடியே இருக்கும்வரை பிடித்துக்கொண்டிருக்கும். கழற்றி மீண்டும் மாட்டும்போது பழைய அழுத்தம் வருவதில்லை. வளையத்தின் ஓரம் சரியாகப் படியாமல் நீர் வழி கண்டுபிடிக்கிறது. அந்த ஒரு சொல்லால் எங்கள் முன்மொழிவே மாறியது. தமிழில் சொன்னதைத் தமிழிலேயே குறித்துக்கொள்ளுங்கள். உடனே ஆங்கிலத்தில் எழுத முற்பட்டால் இத்தகைய நுணுக்கம்தான் முதலில் உதிரும்.

5. குறையை வாசகமாக மாற்றுங்கள்

எல்லாப் படிகளிலும் கடினமானது இதுதான். இதற்கே அதிக நாள் ஒதுக்குங்கள்.

மாணவர்கள் எழுதிய முதல் வரைவு இப்படி இருந்தது: "கடலோரத்தில் பயன்படுத்தும் இணைப்புப் பெட்டிகள் தரமானவையாக இருக்க வேண்டும்." இதை யாரும் எதிர்க்க மாட்டார்கள், யாராலும் சோதிக்கவும் முடியாது. தரம் என்றால் என்ன, கடலோரம் எங்கே முடிகிறது என்ற இரண்டு கேள்விகளிலேயே விவாதம் தீர்ந்துவிடும்.

நான்காவது முறை எழுதியபோது வந்தது: "திறந்த கடலோரத்தில் பொருத்துவதற்கான பெட்டியை உப்புத்தூவல் சோதனைக்கு உட்படுத்திய பின், அதே பெட்டியைத் திறந்து, உற்பத்தியாளர் கூறியபடி மீண்டும் மூடி, நீர்புகாமைச் சோதனை செய்ய வேண்டும்." புதிய சோதனை எதையும் இது கேட்கவில்லை. இருக்கும் சோதனைகளை எந்த வரிசையில், எந்தப் பெட்டியின் மீது செய்வது என்று மட்டும் சொல்கிறது. சோதனைக்கூடத்தில் யாரும் செய்து பார்க்கலாம். எதிர்ப்பவர் தம் காரணத்தைச் சொல்லியாக வேண்டும். விவாதத்துக்கு உகந்த வாசகத்தின் இலக்கணம் இது.

இந்த மாற்றத்துக்கு நல்ல முன்னுதாரணம் இந்தியாவிலிருந்தே இருக்கிறது. நம் கிராமங்கள் ஒன்றுக்கொன்று சில கிலோமீட்டர் தள்ளி இருக்கின்றன. கமுதி, சாயல்குடிப் பக்கம் பஸ்ஸில் போனவர்களுக்கு அது தெரியும். 5ஜி தொழில்நுட்பங்களை மதிப்பிடும் சோதனையில் கிராமப்புற மாதிரிகளுக்கு டவர்களுக்கு இடையே 1,732 மீட்டர் இடைவெளி வைத்திருந்தார்கள். "கிராமங்களைக் கவனியுங்கள்" என்று கேட்டிருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. குறைந்த வேகம், பெரிய செல் (ஒரு டவர் கவனிக்கும் பரப்பு) என்ற பெயரில், 700 மெகாஹெர்ட்ஸில் 6,000 மீட்டர் இடைவெளி உள்ள ஒரு மாதிரியை இந்தியத் தரப்பு முன்வைத்தது. 2017-இல் வந்த ஐடியூ-ஆர் எம்.2412 அறிக்கையில் அது இடம்பெற்றது. அறிக்கைக்குள் போனது ஓர் எண். அந்த எண்ணைப் பெறுவதற்குக் கணக்கீடுகளும் கூட்டங்களும் தேவைப்பட்டன.

எழுதும்போது கவனிக்க வேண்டியவை சில. கட்டாயம், பரிந்துரை, அனுமதி என்ற மூன்று நிலைகளையும் கலக்காதீர்கள். ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலத்தில் தனித்தனி வினைச்சொல் நிர்ணயிக்கப்பட்டுள்ளது. ஒரு வாக்கியத்தில் ஒரு தேவையை மட்டும் வையுங்கள். எந்த நிறுவனத்தின் பொருட்பெயரும் வரக்கூடாது. வந்தால் அது தரநிலை வாசகமாகாமல் விளம்பரமாகிவிடும். இருக்கும் பரிந்துரையைத் திருத்துவதானால், நடப்பு வாசகத்தின் மீதே திருத்தக் குறிகள் தெரியும்படி மாற்றுங்கள். தனித் தாளில் புதிதாக எழுதிக் கொடுத்தால், எது மாறியது என்று தேடும் வேலை மற்றவர்கள் தலையில் விழும். அவர்கள் தேட மாட்டார்கள்.

ஐடியூவின் அதிகார மொழிகள் ஆறு. ஆனால் சிறு குழுக் கூட்டங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே நடக்கும். அலங்காரம் வேண்டாம். பள்ளியில் கற்ற எளிய ஆங்கிலம் போதும். எழுதியதை வாய்விட்டுத் தமிழில் திருப்பிச் சொல்லிப் பாருங்கள். லைன்மேன் சொன்ன பொருளே திரும்பி வந்தால் வாசகம் சரி.

6. உள்நாட்டில் முதலில் விவாதியுங்கள்

தேசியப் பணிக்குழுவுக்கு வரைவை அனுப்பி, அங்கேயே கேள்விகளை வாங்குங்கள். இது வெறும் சடங்கு என்று நினைத்து, கடைசி வாரத்தில் அனுப்புகிறவர்கள் அதிகம். இந்தியாவின் பெயரில் ஓர் ஆவணம் போக வேண்டுமானால் துறையின் ஒப்புதல் தேவை. அதற்கு நாள் பிடிக்கும். இன்னொரு காரணமும் உண்டு. மும்பையிலோ விசாகப்பட்டினத்திலோ இதே உப்புச் சிக்கலைப் பார்த்தவர் அந்தக் குழுவில் இருக்கலாம். அவருடைய அளவீடும் சேர்ந்தால், ஒரு மாவட்டத்தின் குறை ஒரு கடற்கரையின் சான்றாகும்.

ஒருமுறை எங்கள் மாணவர் குழு ஒன்று, உதவ முன்வந்த ஒரு நிறுவனத்தை நம்பி வரைவை ஒப்படைத்தது. கெடு முடிந்த பிறகுதான் அது அனுப்பப்படவே இல்லை என்று தெரிந்தது. அன்றிலிருந்து ஒன்றைக் கட்டாயமாக்கியிருக்கிறேன்: யார் அனுப்புகிறார், எந்தத் தேதியில், பதிவு எண் என்ன என்ற மூன்றையும் எழுத்தில் வாங்காமல் வரைவைக் கையை விட்டு விடுவதில்லை.

7. பன்னிரண்டு நாள் கெடுவைப் பின்னோக்கி எண்ணுங்கள்

நீங்கள் அனுப்பும் வரைவு, அதாவது பங்களிப்பு ஆவணம், கூட்டம் தொடங்குவதற்குக் குறைந்தது 12 நாட்காட்டி நாள் முன்பே செயலகத்துக்குச் சேர வேண்டும். சனி, ஞாயிறு, பொங்கல், ரம்ஜான் எல்லாம் அந்தப் பன்னிரண்டில் அடங்கும். கெடு தாண்டினால் ஆவணம் அந்தக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் ஏறாது.

பின்னோக்கி எண்ணுங்கள். துறை ஒப்புதலுக்கு மூன்று வாரம், பணிக்குழு விவாதத்துக்கு ஒரு மாதம், வாசகம் செதுக்க ஒரு மாதம் என்று நான் ஒதுக்குகிறேன். அளவீட்டுக்கு ஒரு வாடைக் காலமும் ஒரு கச்சான் காலமும் வேண்டும். ஆக, பெட்டியைத் திறந்து பார்த்த நாளிலிருந்து முதல் கூட்டத்துக்கு ஓர் ஆண்டுக்கு மேல் ஆகும். இதை முதல் நாளே சொல்லிவிடுவேன். தெரிந்து தொடங்கியவர்கள் நடுவில் விடுவதில்லை.

8. கூட்டத்தில் என்ன நடக்கும்

உங்கள் ஆவணத்துக்குச் சில நிமிடங்களே கிடைக்கும். எல்லோரும் படித்திருப்பார்கள் என்று வைத்துக்கொண்டு, மாற்றம் என்ன, ஏன், சான்று எங்கே என்ற மூன்றை மட்டும் சொல்லுங்கள். ஸ்லைடு காட்டி அரை மணி நேரம் பேசத் தயாராகி வருபவர்கள் திகைத்துப்போகிறார்கள்.

இந்தக் கட்டத்தில் வாக்கெடுப்பு கிடையாது. இணக்கம் வரும்வரை பேசுவார்கள். ஒருவர் எதிர்த்தால், "எந்த வாசகம் இருந்தால் உங்களுக்குச் சம்மதம்?" என்று கேளுங்கள். இடைவேளையில், சிறு குழுவாக உட்கார்ந்து வாக்கியத்தைச் சரிசெய்வதில்தான் உண்மையான வேலை நடக்கிறது. தொலைவிலிருந்து கலந்துகொள்பவர்களுக்கு இது பெரிய இழப்பு. எனவே எதிர்ப்பு வரக்கூடிய உறுப்பினருக்கு முன்கூட்டியே மின்னஞ்சலில் எழுதிப் பேசிவிடுங்கள். நேரத்தையும் கவனியுங்கள். ஜெனீவா நம்மைவிடக் கோடையில் மூன்றரை மணி நேரமும் குளிர்காலத்தில் நாலரை மணி நேரமும் பின்னால் இருக்கிறது. அங்கே மாலை அமர்வு என்றால் இங்கே இரவு.

புதிய பரிந்துரை ஒன்றையே தொடங்க வேண்டுமானால், ஏ.1-இல் உள்ள படிவத்தில் நோக்கம், ஏற்கனவே உள்ள ஆவணங்களோடு உள்ள வேறுபாடு, வேலையை ஆதரிக்கும் உறுப்பினர்கள் ஆகியவற்றைக் காட்ட வேண்டும். முன்மொழிந்தவரையே பதிப்பாசிரியராக இருக்கச் சொல்வது வழக்கம். மறுக்காதீர்கள். அடுத்தடுத்த கூட்டங்களில் வரைவைத் திருத்தி வைத்திருக்க ஆள் இல்லாவிட்டால், வேலை பட்டியலிலிருந்தே நீக்கப்படும்.

காப்புரிமைக் கேள்வியையும் இங்கேயே எழுப்புங்கள். வரைவை நடைமுறைப்படுத்தத் தேவையான காப்புரிமை யாரிடமாவது இருந்தால், அவர் இலவசமாகவோ நியாயமான, பாகுபாடற்ற கட்டணத்திலோ உரிமம் தர ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டுக்கும் மறுத்தால் அந்தப் பகுதியைப் பரிந்துரையில் வைக்க முடியாது. ஒப்புதலுக்கு முந்தின நாள் இது தெரிந்தால் எல்லாம் நின்றுவிடும்.

9. ஒப்புதல்: எந்த வழி என்பதை முன்பே அறியுங்கள்

வரைவு முதிர்ந்துவிட்டது என்று குழு ஒப்புக்கொண்ட பின் இரண்டு வழிகள் பிரிகின்றன. புதியவர்கள் அதிகம் குழம்பும் இடம் இது.

தொழில்நுட்ப ஆவணங்களில் பெரும்பாலானவை மாற்று ஒப்புதல் முறையில் போகும். ஆய்வுக்குழுவோ அதன் உட்பிரிவோ கூடி இசைவு தரும். அதன் பிறகு வரைவு 'இறுதி அழைப்பு' என்ற நான்கு வாரப் பார்வைக்கு வைக்கப்படும். இதற்கான அறிவிப்புகள் மாதத்தின் 1, 16 தேதிகளில் வெளியாகும். எழுத்துப்பிழை தவிர வேறு கருத்து எதுவும் வராவிட்டால் அத்துடன் ஒப்புதல் ஆகிவிடும். பொருள் சார்ந்த கருத்து வந்தால், பதிப்பாசிரியரும் கருத்துச் சொன்னவரும் பேசி வாசகத்தைத் திருத்துவார்கள். திருத்திய வரைவு மூன்று வாரக் கூடுதல் பார்வைக்குப் போகும், அல்லது நெருங்கிவரும் ஆய்வுக்குழுக் கூட்டத்துக்குப் போகும். கூட்டத்துக்கு வந்துவிட்டால், அங்கே இருக்கும் உறுப்பு நாடுகளில் ஒன்றுக்கு மேல் எதிர்க்காதவரை ஒப்புதல் கிடைக்கும்.

இசைவு கிடைத்ததும் வேலை முடிந்தது என்று நினைப்பது பெரும் தவறு. அந்த நான்கு வாரமும் பதிப்பாசிரியர் விழிப்பாக இருக்க வேண்டும். கருத்து வந்த அன்றே பதில் எழுதத் தொடங்குங்கள். நீங்கள் மற்றவர் வரைவுக்குக் கருத்துச் சொல்லும்போதும், "இது சரியில்லை" என்று விட்டுவிடாமல் மாற்று வாசகம் தாருங்கள்.

எண்முறை, கட்டணம், கொள்கை, ஒழுங்குமுறை சார்ந்தவை மரபு ஒப்புதல் முறையில் போகும். முதலில் குறிப்பிட்ட இ.212 போன்றவை இந்த வகை. இதில் வரைவு போதிய அளவு முதிர்ந்துவிட்டது என்று ஆய்வுக்குழு முதலில் தீர்மானித்த பின், ஐடியூ-டி பணியகத்தின் இயக்குநர் உறுப்பு நாடுகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பிக் கருத்துக் கேட்பார். அதற்குக் குறைந்தது மூன்று மாதம் வேண்டும். பதில் தந்த நாடுகளில் 70 சதவீதமாவது ஆதரித்தால்தான் அடுத்த கூட்டத்தில் முடிவுக்கு எடுக்கப்படும். அங்கே ஒரு நாடு எதிர்த்தாலும் ஒப்புதல் இல்லை. முடிவு நாடுகளின் கையில். நிறுவனங்களும் கல்லூரிகளும் கருத்துச் சொல்லலாம், அவ்வளவே. எனவே இந்த வழியில் போகும் விஷயத்துக்குத் துறையின் ஆதரவு இல்லாமல் தொடங்கவே வேண்டாம்.

இடையில் ஒரு சுருக்கு வழியும் இருக்கிறது. கட்டாயத் தேவை எதையும் சொல்லாத துணை ஆவணம் அல்லது தொழில்நுட்ப அறிக்கை என்றால் ஆய்வுக்குழுவின் ஒப்புக்கொள்ளலே போதும். களத்தில் கண்டவற்றைப் பதிவு செய்ய நினைக்கும் புதிய குழுவுக்கு இதையே முதல் முயற்சியாக நான் சொல்வேன். ஓர் ஆவணம் வெளிவந்தால் அடுத்த கூட்டத்தில் அதையே சான்றாகக் காட்டலாம்.

ஐடியூ-ஆரில் வேலைக்குழு தயாரித்த வரைவை ஆய்வுக்குழு ஏற்று, ஏற்பையும் ஒப்புதலையும் ஒரே நேரத்தில் கடிதம் வழியாகக் கேட்பது வழக்கம். 3ஜிபிபியில் ஒப்புதல் தொழில்நுட்பக் குழுவின் முழுக் கூட்டத்தில் நடக்கும். தரநிலைகளின் ஒரு தொகுப்பான 'வெளியீடு' உறைந்த பின், அதாவது முடிவாகிப் பூட்டப்பட்ட பின், அதில் புதிய அம்சம் சேர்க்க முடியாது, பிழை திருத்த மட்டுமே மாற்றக் கோரிக்கை கொடுக்கலாம்.

10. ஒப்புதலுக்குப் பின் செய்ய வேண்டியவை

ஐடியூ-டி பரிந்துரையைப் பின்பற்றுவது விருப்பத்துக்கு உட்பட்டது. உள்நாட்டு விதியோ கொள்முதல் ஒப்பந்தமோ அதைச் சுட்டும்போதுதான் அது கட்டாயமாகிறது. எனவே பரிந்துரை வெளிவந்ததும் டெக் வெளியிடும் இந்தியத் தரநிலைகளில் அந்த மாற்றம் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் தேசியப் பணிக்குழுவில் அதற்கும் ஒரு வாசகம் கொடுக்க வேண்டும்.

தனித்து நிற்பதன் விலையையும் கணக்கில் கொள்ளுங்கள். பெரிய செல்களுக்கென்று டிஎஸ்டிஎஸ்ஐ எழுதிய இந்திய 5ஜி வகையான 5ஜிஐ, 2021-இல் வெளியான ஐடியூ-ஆர் எம்.2150 பரிந்துரையில் தனித் தொழில்நுட்பமாகவே இடம்பெற்றது. பின்னர் அது 3ஜிபிபியின் 17-ஆம் வெளியீட்டுடன் இணைக்கப்பட்டது. உலகம் முழுவதும் ஒரே கருவியை வாங்கும்போது, ஒரு நாட்டுக்கு மட்டும் தனி வகை தயாரிப்பது செலவைக் கூட்டும். இணைந்ததால் நம் தேவை பொதுக் கருவிக்குள்ளேயே போக வழி கிடைத்தது. ஒப்புதல் பெற்ற பிறகும் எங்கே சேர்ந்தால் உண்மையில் கருவியாக வரும் என்று யோசிப்பது அவசியம்.

கடைசியாக, கொள்முதல் செய்யும் இடம். கேபிள் பணிக்கான டெண்டரில் "ஐடியூ தரத்துக்கு ஏற்ப" என்று எழுதியிருந்தால் அதை ஏற்காதீர்கள். பரிந்துரையின் எண், பதிப்பு வந்த ஆண்டும் மாதமும், பிரிவு எண் ஆகியவற்றைக் கேளுங்கள். பதிப்பு குறிப்பிடாவிட்டால், திருத்தத்துக்கு முந்தைய பழைய பதிப்பின்படி சோதித்த பெட்டியையும் விற்பனையாளர் கொடுக்கலாம், அதைத் தடுக்க உங்களிடம் ஆதாரம் இருக்காது. பெட்டி வந்து சேர்ந்ததும் சோதனைச் சான்றிதழில் சோதனைகளின் வரிசையைப் பாருங்கள். பிறகு ஒரு பெட்டியைக் கம்பத்தில் ஏற்றுமுன் தரையில் வைத்தே திறந்து, மூடி, ஒரு வாளித் தண்ணீரில் அமிழ்த்தி, மறுநாள் காலை திறந்து தட்டைத் தொட்டுப் பாருங்கள்.